சோளத்தின் மீது சுமத்திய பழி

மனிதரை மேலோர், கீழோர் என்று கூறுபோட எண்ணுவோருக்கு நிறம் போதவில்லை, பிறப்பும் போதவில்லை. உண்கலத்தில் கிடக்கும் உணவையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றனர். மெக்சிகோ நாட்டில் நடந்தது அதுதான்.

1899ஆம் ஆண்டு பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்சிகோ அரசியல்வாதி ஒரு நூல் எழுதினார். கோதுமை உண்போர், அரிசி உண்போர், மக்காச்சோளம் உண்போர் என மாந்தரை மூன்றாகப் பிரித்தார். கோதுமை உண்போரே முன்னேறுவர்; சோளம் உண்ணும் பழங்குடியினர் தேங்கிக் கிடப்பர் என்று தீர்ப்பும் எழுதினார்! நிலத்தைப் பறிகொடுத்தவன் ஏன் நலிந்தான் என்று கேட்கவில்லை அந்த மேதாவி; அவன் தின்ற ரொட்டியே அவனைக் கெடுத்தது என்றார். பறித்தவன் கை தூய்மை, பசித்தவன் வாய் குற்றம்! எப்படி இருக்கிறது நியாயம்?

அந்த ஏழையின் அடுப்படியைச் சற்றே பார்ப்போம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் கழுவி, கல்லின் முன் மண்டியிட்டு மணிக்கணக்கில் அரைத்தாள் பழங்குடிப் பெண். அந்த மாவைத் தட்டிச் சுட்டால் டோர்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டி. சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை விடுவிப்பது அந்தச் சுண்ணாம்பு நீரே. சோளத்தைக் கப்பலேற்றிச் சென்ற ஐரோப்பியர், அதைப் பக்குவம் செய்யும் அறிவை விட்டுச் சென்றனர். விளைவு? ஸ்பெயினிலும் இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லக்ரா நோய் பிடித்தது. தோல் வெடித்தது, மனம் பேதலித்தது, மாண்டோர் பல்லாயிரவர். நியாசின் தந்தால் அந்நோய் தீரும் என்று ஆய்வுக்கூடம் கண்டது 1937இல். காரணம் அறியாவிடினும், காக்கும் வழியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைக்கொண்டிருந்தது அந்த அடுப்படி!

2010இல் யுனெஸ்கோ, மெக்சிகோவின் மரபுச் சமையலை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஏளனம் போயிற்று, ஆனால் இன்று வேறொரு செருக்கு வந்து நிற்கிறது. கெசடியா என்பது டோர்ட்டியாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்து மடித்துச் சுடும் பண்டம். எல்லைக்கு வடக்கே அமெரிக்க வீடுகளில் கோதுமை டோர்ட்டியாவில் மாட்டுக் கொத்துக்கறியும் சேர்த்துச் செய்கின்றனர். “இது தூய கெசடியா அன்று, கலப்படம்” என்று முகம் சுளிக்கின்றனர் சிலர். நாம் கேட்கிறோம்: எது தூயது? சோளம் அந்த மண்ணுக்குரியது. மாடும் பாலாடைக்கட்டியும் கோதுமையும் ஸ்பானியருடன் கடல் கடந்து வந்தவை. கெசடியா என்ற பெயரே பாலாடைக்கட்டியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லில் பிறந்தது. கலப்பில் பிறந்த பண்டத்துக்கு ஏது குலத்தூய்மை?

வீட்டிலேயே செய்து பாருங்கள். கொத்துக்கறியை வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய்த்தூளுடன் ஈரம் வற்றும்வரை வதக்குக. ஈரம் நின்றால் ரொட்டி குழையும். அரைத்த இறைச்சியில் மேற்பரப்புக் கிருமிகள் உள்ளெங்கும் கலந்துவிடும். ஆதலின் சிவப்பு மாறி முழுதும் வேகவேண்டும். டோர்ட்டியாவின் பாதியில் துருவிய பாலாடைக்கட்டி, அதன்மேல் கறி, மீண்டும் பாலாடைக்கட்டி. மறுபாதியை மடித்து, மிதமான சூட்டில் இருபுறமும் சிவக்கச் சுடுக. உருகும் கட்டியே கறியையும் ரொட்டியையும் பிணைக்கும். சோள டோர்ட்டியா எனினும் சரி, கோதுமை எனினும் சரி. கல் இரண்டையும் ஒன்றாகவே சுடும்.

உணவை ஆராயுங்கள், சுவை சொல்லுங்கள், சத்தும் சொல்லுங்கள். உண்பவனின் தரத்தை மட்டும் உண்கலத்தில் தேடாதீர்கள். தேடிய புல்னெஸின் நூலைப் பொய்யாக்கச் சுண்ணாம்பு நீரில் ஊறிய ஒரு பிடி சோளம் போதுமானதாயிற்று!