ஜெல் தடவுவது கை கழுவுவது ஆகாது

கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் நிற்பாள். கையில் ஸ்பிரே பாட்டில். "வாஷி வாஷி" என்று பாட்டாகப் பாடிக்கொண்டே, வருகிறவர்கள் கையில் எல்லாம் பீய்ச்சுவாள். நல்ல சிரித்த முகம். எங்கள் கோஷ்டி இருபத்திரண்டு பேரும் தீர்த்தம் வாங்குகிற பவ்யத்தோடு கையை நீட்டி வாங்கி, இரண்டு உரசு உரசிவிட்டு உள்ளே போவோம். வாஷ் என்றால் கழுவுவது. அந்த வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, சோப்பு கிடையாது. கழுவாமலே கழுவியதாகப் பாட்டு மட்டும் உண்டு.

போன வருஷம் எங்கள் வாக்கிங் கோஷ்டி திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து நான்கு இரவு கப்பலில் பினாங்கும் புக்கெட்டும் போய்வந்ததைப் பற்றி மூன்று பதிவுகள் எழுதியாயிற்று. மேல்தளத்துச் சூரிய உதயம், பினாங்குக் கோவில், கப்பலில் கிடைத்த தோசையின் தடிமன் எல்லாம் எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது மறுபடியும் கப்பலுக்குக் கிளம்பும் பேச்சு நடக்கிறது. அதனால் விட்டதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

கப்பலில் வருகிற வாந்தி பேதிக்குப் பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ் என்ற கிருமி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்று ஓர் ஊர். 1968-ல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாக வாந்தியெடுத்தார்கள். காரணம் தெரியவில்லை. 1972-ல்தான் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கிருமியைப் பார்த்தார்கள். ஊர்ப் பெயரே கிருமிக்குப் பெயராகி, சுருங்கி நோரோ ஆயிற்று. உடம்புக்குள் போய் 12 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும். இளவட்டங்களுக்கு அத்தோடு சரி. நம் வயதில் உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் தாங்காது. இதைத் தடுக்க ஊசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

இந்தக் கிருமி நூறுகூட வேண்டாம், அதற்கும் குறைவாக உள்ளே போனாலே போதும், ஆளைச் சாய்த்துவிடும். வியாதிக்காரர் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், மலத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்கும். கப்பலில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே கைப்பிடி, ஒரே லிஃப்ட் பட்டன், ஒரே சாம்பார்க் கரண்டி. மற்றதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜெல்லுக்கு வருகிறேன். 2020-ல் கொரோனா வந்தபோது ஆளுக்கொரு பாட்டில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தோமே, அந்தப் பழக்கம்தான் இது. கொரோனாவுக்கு அது சரி. அந்தக் கிருமிக்கு மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. ஆல்கஹால் பட்டால் அது கரைந்து கிருமி செத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது. புரதத்தால் ஆன கெட்டி ஓடு மட்டும்தான். அதனிடம் ஆல்கஹால் சரிவர வேலை செய்வதில்லை. சோப்புகூட அதைக் கொல்வதில்லை. சோப்பு வழுக்கிக் கிளப்பிவிடும், ஓடுகிற தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஆக, கொல்வதல்ல காரியம், கையை விட்டு அதை இறக்கி விடுவதுதான். அதற்குத் தண்ணீர் வேண்டும், தேய்ப்பு வேண்டும், 20 விநாடி வேண்டும். ஜெல் போட்டால் கிருமியைக் கையிலேயே வைத்துத் தடவிக்கொள்கிறோம்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. கப்பல் நடத்துகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகிற பயணிகள் கப்பல்களை, அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970-களிலிருந்து சோதனை போடுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறி நூற்றுக்கு மார்க் போடுவார்கள். 86-க்குக் கீழே போனால் ஃபெயில். மார்க்கை ஊரறிய வெளியிடுவார்கள். பயணிகளிலோ சிப்பந்திகளிலோ 3 சதவீதம் பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு என்றால் அதையும் வெளியே சொல்லியாக வேண்டும். அந்த மையமே சொல்வது, ஜெல்லை நம்பாதே, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவு என்று. பிறகு ஏன் வாசலில் ஜெல்? சீக்கிரம் நடக்கும், இடம் அடைக்காது, வரிசை நகரும், பார்க்கிறவருக்கும் திருப்தி. சில புதிய கப்பல்களில் பஃபே வாசலிலேயே வாஷ் பேசின்களை வரிசையாக வைத்துவிட்டார்கள். முடியாத காரியம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். திருச்சியில் இருபது பேர் உட்காருகிற மெஸ்ஸில்கூட கை கழுவ ஒரு குழாய் இருக்கிறது. அத்தனை கோடி போட்டுக் கட்டி, நீச்சல் குளமும் தியேட்டரும் வைத்த கப்பலில் இலைக்கு முன்னால் கை கழுவ இடம் இல்லை என்றால் என்ன நியாயம்?

கப்பலைத் திட்டியாயிற்று. இனி நம் ஆட்களிடம் வருகிறேன்.

"நாமெல்லாம் கையால் சாப்பிடுகிறவர்கள், கை சுத்தத்தை நமக்கா சொல்லித்தர வேண்டும்?" என்று கப்பலில் ஒருவர் கேட்டார். சொல்லித்தான் தர வேண்டும். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியைப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு குழாயடியில் கூட்டம் தள்ளும். ஒவ்வொருவரும் சோப்புப் போட்டு, நெய்ப் பிசுக்கு போகத் தேய்த்து, மோந்து பார்த்து, கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு வருவார்கள். சாப்பிடுவதற்கு முன்னால்? இலையில் தெளிக்கக் கொடுத்த தண்ணீரில் நாலு விரல் நுனியை நனைத்துவிட்டு உட்காருவார்கள். வத்தக்குழம்பு வாசனைக்குக் கொடுக்கிற மரியாதையை வியாதிக்குக் கொடுப்பதில்லை. கப்பல் பஃபேயில் இது இன்னும் மோசம். ரூமில் கழுவிக்கொண்டே வந்தாலும், லிஃப்ட் பட்டனை அமுக்கி, நூறு பேர் பிடித்த கரண்டியைப் பிடித்து, அதே கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். ஃபோர்க்கில் குத்திச் சாப்பிடுகிற வெள்ளைக்காரனைவிட நமக்குத்தான் ஆபத்து அதிகம். தட்டில் எடுத்துவைத்துவிட்டு, பிறகு போய்க் கழுவிவிட்டு வந்து உட்கார வேண்டும். ஆறிப்போகும்தான். ஆறட்டும்.

"நான் சுத்த சைவம், எனக்கு ஒன்றும் வராது" என்றார் இன்னொருவர். நோரோ கிருமிக்குச் சைவம் அசைவம் தெரியாது. மனிதன் கையிலிருந்து மனிதன் வாய்க்குப் போகிற கிருமி அது. வெட்டிவைத்த தர்பூசணி போதும். இது போதாதென்று, நம் முன்னோர் வாசலில் கால் கழுவியதே வைரஸுக்காகத்தான் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அந்த நாலு நாளில் மூன்று முறை வந்தது. முன்னோரைக் கும்பிடுவோம். ஆனால் அவர்கள் காலத்தில் காலரா வந்து தெருத் தெருவாகப் போனதையும் மறக்க வேண்டாம்.

படித்தவனிடம் "உன் கை அழுக்கு" என்று சொன்னால் வருகிற கோபம் இன்று நேற்று வந்ததல்ல. வியன்னா ஆஸ்பத்திரியில் 1847-ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போகாதீர்கள், சுண்ணாம்புக் குளோரைடு கரைசலில் கழுவிவிட்டுப் போங்கள் என்றார். நம் பிளீச்சிங் பவுடரேதான் அது. கழுவ ஆரம்பித்ததும் தாய்மார்கள் சாவது மளமளவென்று குறைந்தது. பெரிய டாக்டர்களுக்கோ ரோஷம் வந்துவிட்டது, எங்கள் கையா கொன்றது என்று. மனுஷன் 1865-ல் மனநோய் விடுதியில் செத்துப்போனார்.

பிளீச்சிங் பவுடர் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. முப்பத்தொரு வருஷம் குடிநீர்த் துறையில் இருந்தவன். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. நோரோ பட்ட தரையைத் துடைக்க அதுபோல் ஆயிரக்கணக்கான மடங்கு வேண்டும், 1000-லிருந்து 5000 மில்லிகிராம் வரை. இதெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். இவ்வளவு தெரிந்தவன் என்ன செய்தேன் என்பதைத்தான் இனி எழுத வேண்டும்.

இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு வாந்தி. விடிவதற்குள் நாலு தடவை பேதி. மனைவி, கப்பல் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றாள். நான் மறுத்துவிட்டேன். சொன்னால் ரூமில் அடைத்துவைப்பார்கள், டாக்டர் ஃபீஸை டாலரில் தீட்டுவார்கள், கட்டின பணத்தில் ஒரு பைசா திரும்பாது, விடிந்தால் புக்கெட். பையிலிருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். காலையில் கொஞ்சம் தெளிந்தது. கை கழுவினேனா? கழுவினேன், அவசரத்தில் விரலை நனைத்த லட்சணத்தில். வாசலில் "வாஷி வாஷி" ஆயிற்று, சுத்தமாகிவிட்டோம் என்று மனசும் சமாதானமாகிவிட்டது.

எங்கள் கோஷ்டியில் ஒரு ரிடையர்டு தலைமையாசிரியை அம்மா உண்டு. எழுபத்தாறு வயது, சர்க்கரை வேறு. முழங்கால் வலியால் வரிசையில் நிற்க முடியாது. அன்று காலை அவருக்கு இரண்டு தோசையும் தயிரும் நான்தான் என் கையால் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மறுநாள் ராத்திரி அவருக்கு ஆரம்பித்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த விமானத்தில் அவர் பாதி நேரம் டாய்லெட்டில் இருந்தார். ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரி. ஆறு நாள். கிரியாட்டினின் ஏறிவிட்டது என்று பயந்தார்கள், பிறகு இறங்கியது. கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

என்னிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. எனக்கே யாரிடமிருந்தோ வந்ததுதானே. என்னைப் போல மறைத்தவர்கள் அந்தக் கப்பலில் இன்னும் எத்தனை பேரோ. ஆனால் அந்தச் சால்ஜாப்பு ராத்திரி தூக்கத்துக்கு உதவவில்லை.

என் தப்பை ஒத்துக்கொண்ட பிறகு கப்பல்காரர்களுக்கும் ஒன்று கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை, மறைத்தவனுக்குப் புக்கெட் என்று வைத்தால் எவன் சொல்வான்? வயிற்றுப்போக்கு என்று வருகிறவனுக்கு டாக்டர் ஃபீஸ் வாங்காதீர்கள். அடைபட்ட நாளுக்கு அடுத்த பயணத்திலாவது பணத்தைக் கழியுங்கள். கஞ்சியும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டும் ரூமுக்கு அனுப்புங்கள். பதினைந்து பேருக்கு இதைச் செய்கிற செலவு, முந்நூறு பேர் விழுந்தால் ஆகிற செலவைவிடக் குறைவு. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கணக்கில் வருகிற நோரோ சம்பவங்களில் கப்பல் பங்கு 1 சதவீதம்தான். முதியோர் இல்லங்களும் ஆஸ்பத்திரிகளும்தான் அதிகம். அங்கே இருப்பதும் நம் வயதுக்காரர்களே.

ஓ.ஆர்.எஸ் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் பாதி பாக்கெட் போட்டுக் குடிக்கிறார்கள், அது தப்பு. பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாய் வாயாகக் குடிக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களும் பிரஷர் மாத்திரைக்காரர்களும் சும்மா இருக்காமல் டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். பேதி நின்று இரண்டு நாள் வரைக்கும் அடுத்தவருக்குச் சமைக்கவோ பரிமாறவோ கூடாது. தோசை எடுத்துக் கொடுப்பதும் அதில் சேர்த்தி.

போன வாரம் தலைமையாசிரியை அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க ஸ்கூல்ல பசங்க இப்படித்தான் சார், அம்மை போட்டதை மறைச்சுட்டுப் பரீட்சை எழுத வருவானுங்க. பக்கத்துப் பெஞ்சு முழுக்கப் படுத்துடும்" என்றார். "அவனுங்களுக்குப் பன்னெண்டு வயசு" என்று சேர்த்துக்கொண்டார். காபி கொடுத்தார். இதைப் பதிவாக எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், ஆனால் என் பெயர் வேண்டாம் என்றார்.

அடுத்த டூருக்கு அவரும் வருகிறார். இருவரும் சேர்ந்து டூர்காரருக்கு இரண்டு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறோம். சாப்பாட்டுக் கூடத்தில் வாஷ் பேசின் உண்டா? வயிறு சரியில்லை என்று சொல்கிறவருக்கு என்ன செலவு வைப்பார்கள்? கேட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை. அட்வான்ஸ் கட்டக் கடைசி நாள் வருகிற பதினைந்தாம் தேதி.