மதிப்பெண் போடுபவரிடம் மனம் திறக்குமா?

2022-ல் தற்கொலையால் நாம் இழந்த மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களுக்குக் குறையாத ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும் என 2025 ஜூலையில் உத்தரவிட்டது. இரண்டில் எது செலவில்லாததோ அதுதான் முதலில் நடக்கும். ஆசிரியர்களைக் கூட்டி வகுப்பெடுத்து, கையெழுத்து வாங்கி, கோப்பை மூடிவிடலாம். அப்படி மூடினால் அந்த உத்தரவு வீண்.

இப்படிச் சொல்ல ஆதாரம் பிகாரில் இருக்கிறது. நாளந்தா மாவட்டத்தில் 75 அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவில் மாணவர் நலத் திட்டம் ஒன்றை ஆசிரியர் நடத்தினார். மற்றொன்றில் அதே திட்டத்தை 'மித்ரா' என்ற பெயரில் அதற்கென்றே அமர்த்தப்பட்ட, மனநலப் பட்டம் இல்லாத ஒருவர் நடத்தினார். மூன்றாவதில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். 2018-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட முடிவின்படி, மித்ரா இருந்த பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் மனச்சோர்வும், ஒருவரையொருவர் சீண்டுவதும் அடிப்பதும் குறைந்தன. பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய இடங்களிலோ சொல்லும்படியான பலன் இல்லை.

பிள்ளைகளை நன்கு அறிந்தவர் ஆசிரியர்தானே என்று கேட்கலாம். அறிந்தவர்தான், ஆனால் மதிப்பெண் போடுபவரும், பெற்றோரை வரச்சொல்பவரும் அவரே. வீட்டில் நடப்பதை அவரிடம் சொன்னால் அது எங்கே போய்ச் சேரும் என்று பிள்ளைக்குத் தெரியாது. பாடம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு, பதிவேடு என ஏற்கெனவே மூச்சுமுட்டுகிறவரைக் குறை சொல்வதும் அநியாயம். ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில் நடந்த ஆய்விலும், ஆபத்திலுள்ள மாணவரைக் கண்டறிய ஆசிரியர்களைப் பழக்கியது தற்கொலை முயற்சிகளைக் கணிசமாகக் குறைக்கவில்லை; வெளியிலிருந்து வந்தவர்கள் மாணவர்களோடு நேரடியாக நடத்திய திட்டத்தில் அவை ஏறக்குறைய பாதியாயின.

மனநலத்தை ஒரு பாடவேளையாக்கிவிடலாம் என்பது இன்னொரு யோசனை. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே நடந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு மனக்கவனப் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். வழக்கமான வகுப்பைவிட அதில் கூடுதல் பலன் இல்லை என்று 2022-ல் தெரிந்தது. பெரும்பாலானோர் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்வானேன், வீட்டுப்பாடமாக வந்த நிம்மதி வேறெப்படி இருக்கும்?

இத்தனை ஆலோசகர்களுக்கு எங்கே போவது, யார் சம்பளம் தருவது என்ற கேள்வி நியாயமானது. பட்டம் பெற்ற உளவியலாளர்கள் எல்லா ஊருக்கும் கிடைக்கமாட்டார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் கண்காணிப்பில் நாளந்தாவில் முடிந்தது, அந்தக் கண்காணிப்பு இல்லாத ஊர்களில் அதே அளவு பலிக்கும் என்றும் உறுதி கூற முடியாது. ஆனால், முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் உள்ளூர்க்காரர் ஒருவரே போதும் என்பதற்கு அங்கே சான்று கிடைத்திருக்கிறது. கடுமையான சிக்கல்களை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் வழியைத் திறந்துவைத்து, மற்றதை அவரிடம் விடலாம்.

நாளந்தா பள்ளிகளில் பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி இருந்தது. அந்தச் சீட்டுகளைக் கவனிக்க மித்ரா இருந்தார். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் 'மாணவர் மனசு' பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து படிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவருக்கான பணியிடத்தை வரும் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவிக்கட்டும்.