எருக்கஞ்செடியை வெட்டாதீங்க: கும்மிடிப்பூண்டியின் பட்டாம்பூச்சி சீசன்

பட்டாம்பூச்சி பார்க்க மலையேறணும்னு இல்லை. 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மலைக்காட்டு இனம். அதை இங்கே தேட வேண்டாம். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் சமவெளிக்கென்றே வேறு இனங்கள் உண்டு.

எங்கே பார்ப்பது?
பூச்சியைத் துரத்தாதீங்க, செடியைத் தேடுங்க. ஒவ்வொரு இனமும் குறிப்பிட்ட சில செடிகளில்தான் முட்டையிடும். எருக்கில் வெந்தய வரியன், எலுமிச்சையில் எலுமிச்சை அழகி, ஆடுதீண்டாப்பாளையில் சிவப்புடல் அழகி.

எப்போது?
செப்டம்பரிலேயே செடி இருக்கும் இடங்களைக் குறித்து வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை விட்டு வெயில் அடிக்கும் காலை நேரம்தான் சரி. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது அரை மணி நேரம் போதும். வாரம் ஒருமுறை அதே இடத்தில் எண்ணி, போட்டோவை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள்.

சிக்கல் என்ன?
எருக்கும் ஆடுதீண்டாப்பாளையும் நமக்கு வெறும் களை. வளாகத்தைச் சுத்தம் செய்யும்போது முட்டையும் புழுவும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. பிறகு அழகுக்குப் பூச்செடி வைத்தால் தேன் குடிக்கப் பூச்சி வரலாம். முட்டையிட இடம் இருக்காது.

தொழிற்சாலைகள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். சுற்றுச்சுவர் ஓரம் நாலடி அகலத்துக்கு வெட்டாமல், மருந்தடிக்காமல் விட்டாலே போதும். அதைக் கேட்க வேண்டியவர்கள் அங்கே வேலை பார்க்கும் நாம்தான்.