விலை குறைந்தால் மட்டும் போதுமா?

முழங்காலில் பொருத்தப்படும் செயற்கை மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கப்பட்டுவந்த கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை அது ஏற்கிறது. இரண்டுமே வரவேற்கத்தக்கவை. ஆனால், பொருத்திய மூட்டில் கிருமித் தொற்று ஏற்பட்டால் நோயாளியின் கதி என்ன என்ற கேள்விக்கு இன்னமும் முழுமையான விடை இல்லை.

மூட்டு மாற்றிக் கொள்வோரில் நூற்றுக்கு ஓரிருவருக்கே இத்தகைய தொற்று ஏற்படுகிறது. ஆனால், ஏற்பட்டுவிட்டால் அது எளிதில் விடுவதில்லை. கிருமிகள் உலோகத்தின் மீது வழவழப்பான படலத்தை உருவாக்கி அதனுள் பதுங்கிக் கொள்கின்றன. ரத்தத்தின் வழியே வரும் மருந்து அங்கே போதிய அளவு வேலை செய்வதில்லை. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்றவை குடியேறிவிட்டால் மருத்துவர் கையில் எஞ்சியிருக்கும் மருந்துகள் மிகச் சிலவே.

தொற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால், மூட்டை எடுக்காமல் திறந்து சுத்தம் செய்து காப்பாற்ற முடியும். தாமதமானால் பழைய மூட்டை அகற்றி, மருந்து கலந்த எலும்பு சிமெண்டை இடையில் வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, பின்னரே புதிய மூட்டைப் பொருத்த வேண்டியிருக்கும். இத்தொற்றுகளுக்கு மருந்தை 6 வாரம் கொடுப்பதைவிட 12 வாரம் கொடுப்பதே மேலானது என்று பிரான்சில் நடந்த ஆய்வொன்று 2021-இல் காட்டியது.

இங்குதான் ஏழை நோயாளி கைவிடப்படுகிறார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு 15 நாள்களுக்கான மருந்துச் செலவை மட்டுமே ஆயுஷ்மான் பாரத் ஏற்கிறது. எஞ்சிய வாரங்களுக்கான மருந்தை அவரே வாங்க வேண்டும். நடக்க இயலாமல் கூலியை இழந்தவர் எத்தனை நாள் வாங்குவார்? பாதியில் நிறுத்தினால் பிழைத்த கிருமிகள் பெருகும். முன்பு வேலை செய்த மருந்தும் பயனற்றுப் போகக்கூடும். கடைசியில் காலையே இழக்க நேரிடலாம். அரசு மிச்சப்படுத்திய தொகை சிறிது. சமூகம் செலுத்தும் விலை பெரிது.

இத்தகைய நோயாளிகள் எத்தனை பேர் என்று சொல்வதற்குக் கட்டாய தேசியப் பதிவேடும் இல்லை. மருத்துவர் சங்கம் நடத்தும் பதிவேட்டில் சேர்வது அவரவர் விருப்பம். ஸ்வீடன் 1975 முதலே முழங்கால் மூட்டுகளைப் பதிவு செய்து வருகிறது. பன்னாட்டு நிறுவனமொன்றின் குறைபாடுள்ள இடுப்பு மூட்டு 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, இந்தியாவில் அதைப் பொருத்திக் கொண்ட சுமார் 4,700 பேரில் பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றிருக்க வேண்டாமா?

தீர்வு எட்டாத உயரத்தில் இல்லை. எலும்பு, மூட்டுத் தொற்றுகளில் முதல் 6 வாரங்களுக்கு, தக்க மாத்திரைகள் ஊசி மருந்துக்குக் குறைந்தவையல்ல என்று 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு நிறுவியிருக்கிறது. கிருமியைப் பரிசோதனையில் அடையாளம் கண்டு, பொருந்தும் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தால் படுக்கைச் செலவும் குறையும். அதற்கு மாவட்ட மருத்துவமனைகள்தோறும் தரமான நுண்ணுயிர் ஆய்வகம் வேண்டும். மூட்டுத் தொற்றுக்கு மட்டுமாவது 15 நாள் வரம்பை நீக்கி, சிகிச்சை முடியும்வரை மருந்தைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டையும் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளை எதிர்கொள்ள 2017-இலேயே தேசிய செயல்திட்டம் அறிவிக்கப்பட்டது. திட்டங்கள் தில்லியில் அறிவிக்கப்படுவதில் பெருமையில்லை. மூட்டு மாற்றிக் கொண்ட ஏழைத் தொழிலாளி மீண்டும் எழுந்து நடப்பதில்தான் அவற்றின் வெற்றி அடங்கியிருக்கிறது.