தேரும் தண்ணீரும்

ஜப்பான் என்றதும் பனியும் மலரும் நினைவுக்கு வருவது வழக்கம். சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் நானும் என் மனைவியும் தோக்கியோ நகரில் இறங்கியபோது எங்களை வரவேற்றவை வியர்வையும் சிள்வண்டின் இரைச்சலுமே. சென்னையின் புழுக்கம் எங்களுக்கு முன்னதாகவே கப்பலேறி வந்து காத்திருந்தது போலும்!

இந்த வெப்பத்தை ஜப்பானியர் நாவினால் வெல்கிறார்கள். வறுத்த வாற்கோதுமையைக் கொதிக்க வைத்துக் குளிரச் செய்த நீரைப் பகலெல்லாம் பருகுகிறார்கள். சீவிய பனிக்கட்டியின் மீது பாகு வார்த்துக் குழந்தைகளுடன் கிழவர்களும் உண்கிறார்கள். மூங்கில் தட்டில் பரப்பிய குளிர்ந்த 'ஸொபா', நம் இடியாப்பத்தின் தூரத்து உறவு. அதைக் கறுத்த சாற்றில் தோய்த்து, ஓசையுடன் உறிஞ்ச வேண்டும். ஓசை அங்கே மரியாதைக் குறைவன்று.

நானும் உறிஞ்சினேன். பாதித் தட்டு காலியான பிறகுதான், சாற்றில் என்ன சேர்கிறது என்று விசாரிக்கத் தோன்றிற்று. தூத்துக்குடிப் பக்கத்தில் 'மாசி' என்கிறார்களே, அதைப் போன்ற உலர்ந்த மீனைச் சீவிக் கொதிக்க வைத்த நீராம்! புலால் தொடுவதில்லை என்று தாயாருக்கு வாக்களித்தவன் நான். என் முகம் போன போக்கைக் கண்ட கடைக்கார மூதாட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டை எடுத்துச் சென்று, சோயாக் கட்டியின் மீது இஞ்சியும் உப்பும் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். விலை வாங்கவும் மறுத்துவிட்டாள்.

தோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் நகமுரயா என்ற கடையைத் தேடிச் சென்றோம். 1912-ல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது வெடிகுண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிகாரி போஸ், 1915-ல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். அவரை நாடு கடத்த உத்தரவு பிறந்தபோது, ரொட்டி விற்ற இந்தக் கடையின் சோமா தம்பதிகள் அவரை ஒளித்துக் காத்தார்கள். 1918-ல் தங்கள் மகள் தோஷிகோவையும் மணம் செய்து கொடுத்தார்கள். 1927-ல் போஸ் கற்பித்த இந்தியக் கறி இங்கே விற்பனைக்கு வந்தது. இன்றும் விற்கிறார்கள். கோழிக் கறியாதலால் மணத்தை மட்டும் அனுபவித்து, மனத்திற்குள் வணங்கித் திரும்பினேன்.

கியோட்டோவில் ஜூலை 24-ஆம் தேதி கியோன் விழாவின் தேரோட்டம் கண்டோம். 869-ஆம் ஆண்டில் பரவிய கொள்ளை நோய் தணியத் தொடங்கிய விழா அது. ஆணியின்றிக் கயிற்றாலேயே பிணைத்த தேர்கள். பெரியவை சுமார் 12 டன் எடையுள்ளவை. சக்கரங்கள் திரும்பா. ஆகவே தெருமுனையில் பிளந்த மூங்கில்களைச் சக்கரத்தின் கீழ் பரப்பி, நீர் தெளித்து, கூவிக்கொண்டே பக்கவாட்டில் இழுக்கிறார்கள். தேர் வழுக்கித் திரும்பியதும் எழுந்த ஆரவாரத்தில் திருவாரூர் வீதியிலே நிற்பதாக எண்ணி, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கடைசியாக ஹிரோஷிமா சென்றோம். 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி காலை 8.15-க்கு அணுகுண்டு வெடித்ததும் ஒரு கோடைக் காலையில்தான். வெந்த உடலோடு வீதியில் கிடந்தவர்கள் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டே மாண்டார்கள். ஆதலால் அங்கே இறந்தோர்க்கு மலருடன் தண்ணீரும் படைக்கிறார்கள். நினைவிடத்தின் முன் ஒரு முதியவர் குவளையை வைத்துத் தலை தாழ்த்தி நின்றார். வெயில் கொளுத்தியது. என் தொண்டையும் வறண்டிருந்தது. ஆனால் பையிலிருந்த நீரை எடுத்துப் பருகக் கை எழவில்லை.

மனைவி மெல்ல அந்தப் புட்டியை வாங்கித் திறந்து, குவளைகளின் அருகே வைத்தாள். பிறகு இருவரும் பேசாமல் நடந்தோம். அன்று மாலை உண்ணப் புகுந்த இடத்தில், இது கிடைக்குமா, அது கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. வெறும் சோறும் ஒரு குவளைத் தண்ணீரும் கேட்டேன். அதைவிடச் சிறந்த விருந்து ஜப்பானில் எனக்குக் கிடைக்கவில்லை.