எதுவரை பாயும் என்றும் சொல்லுங்கள்

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் மழை என்றால் தெருவில் தேங்கும் தண்ணீர்தான் கவலை. மலை சரியும் என்ற பயம் இங்கே இல்லை. ஆனால் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் இருப்பது இதே ஊரில். 2024 ஜூலை 19 அன்று இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் அதைத் தொடங்கியது. டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி மாவட்டங்களுக்கு முதலில் அறிக்கைகள் வெளியாயின. பதினோரு நாளில் கேரளத்தின் வயநாட்டில் நிலச்சரிவுப் பேரழிவு. சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பெயர்ந்த மண்ணும் பாறையும் மரமும், புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை என்று ஆற்றோடு சேர்ந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பாய்ந்தன. சரிந்த இடத்திலிருந்து வெகு கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட செத்துப்போனார்கள். எங்கே சரியும் என்பது பாதிக் கேள்விதான். எதுவரை, எத்தனை நிமிடத்தில் வரும் என்பது உயிர் காக்கும் மீதி. சுவிட்சர்லாந்தில் 1881-ல் எல்ம் கிராமத்தை மலை மூடியதை ஆராய்ந்த ஆல்பர்ட் ஹைம், விழும் உயரத்தையும் ஓடும் தூரத்தையும் ஒப்பிட்டார். சரிவு பெரிதாக ஆக, அதே உயரத்துக்கு அது ஓடும் தூரமும் கூடுகிறது. இன்றைய கணினி மாதிரிகள் வேகத்தையும் சேற்றின் ஆழத்தையும்கூடக் கணிக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய உராய்வு எண்களைப் பழைய சரிவுகளை அளந்துதான் சரிபார்க்க முடியும். ஆகவே மீட்புப் பணி முடிந்த கையோடு, ஜேசிபி மிச்ச மண்ணை அள்ளுமுன், படிவின் தடிமனையும் எல்லையையும் அளந்துவிட வேண்டும். அதிலிருந்து பிறக்கும் ஓடுபாதை வரைபடம் அலுவலகக் கோப்பில் தூங்கக் கூடாது. வீடு கட்ட அனுமதி தரும் பஞ்சாயத்தின் மேசைக்கு, அந்த ஊர் மொழியில் போக வேண்டும்.