தீப்புண்ணும் தலைவிதியும்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் “மருந்து” என்று சொன்னால், ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வைத்தியர் கொடுக்கும் மருந்தல்ல; பட்டாசுக் குழாயில் செலுத்துகிற மருந்துதான். அந்த மருந்தினால் வெந்து போனவர்களுக்கு வைத்தியர் மருந்து இன்று என்ன செய்யக்கூடும், அதைச் செய்ய விடாமல் வைத்தியரின் கையைக் கட்டி வைத்திருப்பது எது என்பதைப் பற்றிச் சிறிது எழுத முன்வந்தோம்.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவரோடு பேசிக் கொண்டிருக்கையில், பட்டாசு விபத்தில் செத்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. “அவுக விதி முடிஞ்சு போச்சு தம்பி. டாக்டரு என்ன செய்வாரு?” என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காதில் ஓதப்பட்டதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவே. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை பேருடைய குற்றம் போய் ஒளிந்து கொள்ளுகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா?

ஆபீசு அறையில் சாமி படத்துக்குத் தினமும் சூடம் கொளுத்துகிற முதலாளி, அந்தச் சூடத்தை மருந்து கலக்கும் அறைக்குள் கொண்டு போக விடுவாரா? விடமாட்டார். ஏன்? அங்கே சாமியின் சக்தி செல்லாது, நெருப்பின் சக்திதான் செல்லும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தீ பற்றுவதற்குக் காரணம் உராய்வு; வெயில்; கலவையில் நேரும் பிசகு; அனுமதித்த அளவுக்கு மேல் ஆளையும் மருந்தையும் ஓரறையில் அடைத்து வைக்கும் பேராசை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை மாண்டார்களே, அத்தனை பேர் தலையிலும் பிரம்மா ஒரே தேதியை எழுதி வைத்தார் என்று சொல்லுவது, எழுதியவருக்கும் பெருமையில்லை, நம்புகிறவனுக்கும் அறிவில்லை.

நிற்க. 1961-ல் பிரெஞ்சு வைத்தியர் ஒருவர் ஒரு கணக்குச் சொன்னார். வெந்தவரின் வயதையும், உடம்பில் நூற்றுக்கு எத்தனை பாகம் வெந்ததோ அந்த எண்ணையும் கூட்டிப் பார். கூட்டுத்தொகை ஏற ஏறப் பிழைப்பது அரிது என்றார். அந்தக் காலத்தில் நூறைத் தாண்டினால் கைவிட வேண்டியதுதான். இன்றோ நல்ல தீக்காய ஆஸ்பத்திரிகளில் நூறைத் தாண்டியவர்களிலும் பலர் பிழைத்து வீட்டுக்கு நடந்து போகிறார்கள். இடையில் பிரம்மா தம் எழுத்தை அழித்துத் திருத்தி எழுதினாரா? வைத்தியர்கள் அல்லவா திருத்தினார்கள்!

எப்படித் திருத்தினார்கள் என்றும் பார்ப்போம். தோல் என்பது உடம்பின் தண்ணீரைக் காக்கும் கரை. தோல் வெந்தால் இரத்தத்திலுள்ள நீர் கசிந்து வடிந்து, முதல் இரண்டு நாட்களிலேயே ஆள் போய்விடுவான். ஆகவே நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்ற வேண்டும். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நூற்றுக்கு நாற்பது பாகம் வெந்திருந்தால், முதல் 24 மணியில் சுமார் 8 லிட்டர். அதில் பாதி முதல் 8 மணிக்குள். அந்த 8 மணியும் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். மந்திரிக்கிறவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கணக்கில் கழிந்து போகிறது.

இங்கேதான் வைத்தியர் கையில் விழும் முதற் கட்டு. தண்ணீர் ஊற்றினால் கொப்பளித்து விடும் என்று பயந்து பேனா மையையும், இட்லி மாவையும், பற்பசையையும் அப்பி அனுப்புகிறோம். வைத்தியர் அதைச் சுரண்டி எடுத்த பிறகல்லவா புண்ணின் ஆழத்தைப் பார்க்க முடியும்! செய்ய வேண்டியது மிகச் சுலபம். மருந்துத் தூள் மேலே இருந்தால் முதலில் தட்டிவிடு. வளையலையும் மோதிரத்தையும் கழற்று. ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டு. சுத்தமான வேட்டியால் போர்த்து. பெருங்காயமானால் தண்ணீருக்காகக் கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடு. இதற்குத் தட்சணை இல்லை; நல்ல நேரமும் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது கட்டுத்தான் பெரியது. முன்பெல்லாம் வெந்த தோல் தானே அழுகி விழும் வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அதற்குள் சீழ் பிடித்து நோயாளி இறந்து போவார். ஸ்லோவீனியா தேசத்துப் பெண் வைத்தியர் ஜோரா யான்ஜெகோவிச், செத்த தோலை முதல் சில நாட்களுக்குள்ளேயே சீவி எடுத்து, உடனே நல்ல தோலால் மூடும் முறையை 1970-ல் உலகுக்கு எழுதிக் காட்டினார். நோயாளியின் தொடையிலிருந்தே தோல் எடுத்து மூடலாம். ஆனால் உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவனுக்குத் தொடைத் தோல் எங்கே இருக்கும்? அப்பொழுது செத்தவர் தோல் வேண்டும். அது நிரந்தரமாக ஒட்டாவிட்டாலும், இரண்டு மூன்று வாரம் புண்ணைக் காத்து, சொந்தத் தோல் மறுபடி வளரும் வரை உயிரைப் பிடித்து வைக்கும்.

அந்தத் தோலை யார் கொடுக்கிறார்கள்? இருதயமும் ஈரலும் கொடுப்பதற்கு மூளைச்சாவு ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தோலுக்கு அது தேவையில்லை. வீட்டிலே மூப்பால் இறந்தாலும், 6 மணி நேரத்துக்குள் எடுக்கலாம். தொடை, கால், முதுகு ஆகிய இடங்களில் மேலாக ஒரு மெல்லிய படலம்தான் எடுப்பார்கள். முக்கால் மணி வேலை. இரத்த வகை பொருந்த வேண்டுமென்ற தொல்லையும் இல்லை. கட்டுப் போட்டுத் திருப்பிக் கொடுத்து விடுவார்கள். எடுத்த தோல் கிளிசரினில் ஐந்து வருஷம் வரை கெடாமல் இருக்கும். பம்பாயில் சயான் ஆஸ்பத்திரியில் 2000-லேயே தோல் வங்கி வைத்து விட்டார்கள். அப்படியிருந்தும் கொடுப்போர் மிகச் சிலர். காரணம் கேட்டால் “குறையுள்ள உடம்போடு போனால் மோட்சம் கிடைக்காது”, “அடுத்த ஜென்மத்தில் தோல் இல்லாமல் பிறப்பான்” என்கிறார்கள். சுடுகாட்டில் முழு உடம்பையும் கொளுத்துகிறாயே, அந்தத் தோல் எந்த மோட்சத்துக்குப் போயிற்று என்று கேட்கின்றோம்.

உடம்பைத் தொடுவது தீட்டு என்ற இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? வைத்தியன் இடும் சோறு சீழுக்குச் சமம் என்றும், சிரார்த்தப் பந்தியில் அவனைச் சேர்க்கலாகாது என்றும் விதித்தது மனுதர்மம் அல்லவா? பழைய காலத்திலேயே மூக்கு ஒட்டினோம் என்று இன்று பெருமையடிக்கிறவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். பூனாவில் அறுபட்ட மூக்குக்கு நெற்றித் தோலால் புது மூக்கு வைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அதைச் செய்தவர் வேதம் படித்தவரல்ல. செங்கல் அறுக்கும் ஜாதியார். கத்தியைக் கையில் பிடித்தவன் கீழ்ஜாதி; பெருமையை மட்டும் பிடித்துக் கொண்டவன் மேல்ஜாதி!

மூன்றாவது கட்டு, ஆளில்லாமை. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நல்லதே. ஆனால் தோல் ஒட்டும் நிபுணராவதற்கு, முதல் பட்டத்துக்குப் பிறகும் ஆறு வருஷம் வரை படிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் படித்தவர் பட்டணத்தை விட்டுப் பட்டாசு ஊருக்கு வர வேண்டுமானால், அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற வைத்தியருக்கே அந்தப் படிப்பில் இடம் ஒதுக்க வேண்டும். 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசாங்கம் உயர் சிறப்புப் படிப்பில் பாதி இடத்தை அப்படி ஒதுக்கியது. “தகுதி கெட்டது” என்ற பழைய பாட்டோடு உடனே வழக்கு வந்தது. 2022 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அவ்வருஷச் சேர்க்கைக்கு அதை அனுமதித்தது. நடுராத்திரியில் வெந்த பெண்ணின் பக்கத்தில் நிற்கிறவன் தகுதியுள்ளவனா, நிற்காதவன் தகுதியுள்ளவனா என்பதே நமது கேள்வி.

இப்படி ஆளும் தோலும் இல்லாமல் திணறுகிற வைத்தியர் மீதே நாம் கையோங்குகிறோம். 2024 நவம்பரில் கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் நோயாளியின் மகன் வைத்தியரைக் கத்தியால் குத்தினான். குறை இருந்தால் கேட்கலாம், எழுதலாம், வழக்காடலாம். கத்தி கேள்வியாகாது. விதியென்று முதலாளியை விட்டு விட்டவன் வைத்தியனை மட்டும் பிடித்து அடிப்பது என்ன நியாயம்?

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. “இனி ஆண்டவன் கையில்தான்” என்று தயவு செய்து சொல்லாதீர்கள். எத்தனை பாகம் வெந்தது, எத்தனை லிட்டர் ஏற்றினோம், என்ன இல்லாததால் எது முடியவில்லை என்று உறவினரை உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஆண்டவனைக் காட்டினால் ஜனங்கள் உங்கள் மேல் சந்தேகப்படுவார்கள்; இல்லாத தோலையும் இல்லாத ஆளையும் காட்டினால் ஜனங்களே அரசாங்கத்தைப் போய்க் கேட்பார்கள்.

1931-ல் விருதுநகரில் சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிற்று. அந்த மண்ணிலுள்ள தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். விஸ்வநத்தம் முதல் ஒவ்வொரு பட்டாசு ஊரிலும் தீப்புண் முதலுதவியை வீட்டுக்கு வீடு சொல்லிக் கொடுங்கள். உங்கள் ஜில்லாவிலேயே தோல் வங்கியும், முழுநேரத் தீக்காய நிபுணர்களும் வேண்டுமென்று கிராமசபை தோறும் தீர்மானம் போடுங்கள். நாம் இறந்தால் நம் தோலைக் கொடுத்து விடுங்கள் என்று வீட்டாரிடம் இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். அந்தப் பெரியவரிடமும் இதையே சொன்னோம். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எம் மருமவ கருந்திரி வேலைக்குத்தான் போறா, அந்தத் தாளைக் கொண்டா தம்பி” என்றார்.